அச்சரப்பாக்கத்தில் ஒரு கொள்கலன்

பாடபேதம் என்னும் சொல் தமிழ் படித்தவர்களுக்குப் புதிதன்று. பாட்டு ஒன்றுதான், ஓர் ஏட்டில் ஒரு சொல் இருக்கும், மற்றோர் ஏட்டில் வேறு சொல் இருக்கும். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் அச்சுக்குக் கொண்டுவருமுன் ஊர் ஊராக ஏடு தேடி அலைந்ததற்கு ஏடு கிடைக்காமை மட்டும் காரணமன்று. கிடைத்த ஏடுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. எம் வீட்டு ஏட்டில் இப்படித்தான் இருக்கிறது என்று ஒவ்வொருவரும் சொல்லக்கூடிய நிலை.

எழுத்து கணினியில் ஏறியபின் இந்தத் தொல்லை ஒழிந்தது என்றுதான் நம்மில் பலரும் எண்ணியிருக்கிறோம். கணினி படியெடுக்கையில் கண் மயங்குவதில்லை. ரகரம் காலாக மாறுவதில்லை. செல்லரித்த இடம் என்று எதுவும் இல்லை. ஆயினும் கடந்த ஆண்டு அச்சரப்பாக்கத்தில் உட்கார்ந்து ஒரு மென்பொருள் கையேட்டைத் தமிழில் ஆக்கிக்கொண்டிருந்தபோது, எழுத்துக்கு எழுத்து ஒன்றாயிருந்த ஒரே மூலத்திலிருந்து மூன்று கணினிகள் மூன்று விதமான நூல்களைத் தந்தன. ஏன் இப்படி என்று கேட்டதற்கு மாணவர் ஒருவர் சொன்ன விடை, “என் கணினியில் சரியாக வருகிறதே ஐயா!” என்பது. எம் வீட்டு ஏட்டில் இப்படித்தான் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல மொழிபெயர்ப்பு கிடைக்காது.

அந்த ஒரு வாக்கியத்தைக் கடந்து வருவதற்கு நாங்கள் செய்தவற்றை இங்கே எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. இலக்கியம் பேசும் இடத்தில் இதற்கென்ன வேலை என்று கேட்கும் நண்பர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒரு நூல் தன்னை உண்டாக்கியவர்கள் கையைவிட்டு அகன்றபின் எப்படிப் பிழைத்திருக்கிறது என்பது நம் துறையின் கேள்விதான்.

*

முதலில் கையேட்டைப் பற்றி. கோஹா என்பது நூலகங்களுக்கான கட்டற்ற மென்பொருள். நியூசிலாந்தின் லெவின் என்ற சிறு நகரத்தை ஒட்டிய ஹொரோவெனுவா நூலக அறக்கட்டளைக்காக, கட்டிபோ என்ற சிறிய நிறுவனம் 1999இல் அதை எழுதியது. அவர்களிடமிருந்த பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டைத் தாண்டாது என்ற அச்சத்தில் தொடங்கிய வேலை. 2000 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. கோஹா என்றால் மாவோரி மொழியில் கொடை என்று பொருள். பெயருக்கேற்ப அதை உலகத்துக்கே கொடுத்துவிட்டார்கள். இன்று இந்தியக் கல்லூரி நூலகங்கள் பலவற்றிலும் அது இயங்குகிறது.

அதன் ஆங்கிலக் கையேடு மிகப் பெரியது. ஆனால் சிறிய நூலகங்களில் மேசைக்கு அப்பால் அமர்ந்து நூலை வாங்கியும் கொடுத்தும் கொண்டிருக்கும் உதவியாளருக்கு அந்த ஆங்கிலம் எட்டாது. அவர் நாளிதழை விளம்பரம் விடாமல் படிப்பவர்; எந்த நூல் எந்த அடுக்கில் இருக்கிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்பவர். திரையில் ஓர் ஆங்கில எச்சரிக்கை தோன்றும்போது மட்டும் அவர் தடுமாறுகிறார். எதையாவது அழுத்திவிட்டு மேலே செல்கிறார். திருப்பித் தந்த நூல் தரப்படாத நூலாகவே பதிவில் நின்றுவிடுகிறது. ஒரு மாதம் கழித்து, தவறேதும் செய்யாத ஒரு மாணவிக்குத் தாமதக் கட்டணம் விழுகிறது. கட்டணம் சில ரூபாய்தான். ஆனால் அந்த மாணவி அப்புறம் நூலகத்தின் பக்கம் வருவதில்லை.

இதைத் தவிர்க்க வேண்டும் என்று கூடியவர்கள் நால்வர்: தமிழ் கற்பிக்கும் ஒருவர், நூலகர் ஒருவர், முன்னாள் மாணவர் இருவர். உறுப்பினர் சேர்க்கை, நூல் வழங்கல், நூற்பட்டியல் ஆகிய மூன்று பகுதிகளை மட்டும் தமிழாக்குவது என்று முடிவு செய்தோம்.

கோஹாவின் கையேடு ஸ்ஃபிங்க்ஸ் என்ற கருவியால் தொகுக்கப்படுகிறது. பைத்தான் மொழியின் ஆவணங்களுக்காக கியோர்க் பிராண்டல் எழுதி 2008இல் வெளியிட்ட கருவி அது. இதில் நூலை எழுதுவது வேறு, நூலைத் தொகுப்பது வேறு. எழுதுபவர் எளிய உரைக்கோப்பில், தலைப்பு எது, பட்டியல் எது, எச்சரிக்கை எது என்று சில குறிகளை மட்டும் இட்டு எழுதுவார். கருவி அதை வாங்கிக்கொண்டு, ஒரே மூலத்திலிருந்து வலைப்பக்கங்களையும் மின்னூலையும் அச்சிடத்தக்க பிடிஎஃப் கோப்பையும் தரும். மூலத்தைத் தொடாமல் தமிழ் வாக்கியங்களைத் தனிக் கோப்பில் இணையாக வைத்துக்கொள்ளவும் வழி செய்திருக்கிறார்கள். மூலமும் உரையும் தனித்தனி ஏடுகளில் இருந்து, வேண்டும்போது சேர்த்துப் படித்ததைப் போன்ற ஏற்பாடு.

வலைப்பக்கம் எளிதில் வந்துவிட்டது. எங்களுக்கு வேண்டியதோ அச்சுப்படி. மேசையின் மேல் கிடக்க வேண்டிய நூல். தமிழின் தனித் தொல்லைகள் அங்கேதான் தொடங்குகின்றன.

ஸ்ஃபிங்க்ஸ் தானாகப் பிடிஎஃப் ஆக்குவதில்லை. டொனால்ட் குனுத் 1978இல் தொடங்கிவைத்த டெக் என்னும் அச்சுக்கோப்பு முறையிடம் அந்த வேலையை ஒப்படைக்கிறது. டெக்கின் வழித்தோன்றல்கள் பல. வழக்கமாகப் பயன்படும் பிடிஎஃப்லாடெக்குக்குத் தமிழ் வராது. ‘கெ’ என்ற எழுத்தில் ககரம் முன்னே சேமிக்கப்படுகிறது, கொம்பு பின்னே சேமிக்கப்படுகிறது. தாளிலோ கொம்பு முன்னே வந்து நிற்க வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்யத் தெரிந்த பொறி வேண்டும். ஜோனத்தன் கியூ 2004இல் வெளியிட்ட சீடெக் அதைச் செய்கிறது. கிரேக்கம், சீனம் என்று மொழியைக் குறித்தால் ஸ்ஃபிங்க்ஸ் தானே சீடெக்கை எடுத்துக்கொள்ளும். தமிழுக்கு நாம்தான் சொல்ல வேண்டும். சொன்னோம்.

முதற்கணினியில் நூல் அழகாக வந்தது. இரண்டாம் கணினியில் பாதி வழியில் நின்றது. நாங்கள் குறிப்பிட்ட எழுத்துரு அதில் இல்லை. வேறோர் எழுத்துருவின் பெயரைக் கொடுத்து ஓட்டிப் பார்த்தால் தமிழ் இருக்க வேண்டிய இடமெல்லாம் கட்டங்கள். இந்தக் கட்டங்களுக்குக் கணினிக்காரர்கள் டோஃபு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சோயாப் பாலிலிருந்து செய்யும் பாலாடைக்கட்டி போன்ற தின்பண்டத்தின் பெயர். ‘டோஃபு இனி இல்லை’ என்ற பொருளில்தான் கூகுள் தன் எழுத்துருக் குடும்பத்துக்கு நோட்டோ என்று பெயரிட்டது. மூன்றாம் கணினியில் எழுத்துரு இருந்தது. ஆனால் சொற்கள் ஓரத்தைத் தாண்டி வெளியே ஓடின. ‘புதுப்பிக்கப்படாதவற்றிற்கான’ என்பது போன்ற சொல் வரிக்கடைசியில் வந்தால் எங்கே ஒடிப்பது என்று டெக்குக்குச் சொல்லித்தர வேண்டும். அதற்கான தமிழ் விதிகளை மலையாளியான சந்தோஷ் தோட்டிங்கல் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த விதிகள் அடங்கிய பொதி மூன்றாம் கணினியில் இல்லை.

மூலம் ஒன்று, நூல் மூன்று. இந்தப் பாடபேதத்துக்குக் காரணம் எழுத்தில் இல்லை. எழுத்தைச் சூழ்ந்திருந்தவற்றில் இருந்தது.

*

அப்போதைக்கு ஒரு வழி கண்டோம். நூல் சரியாக வரும் முதற்கணினியிலேயே தொகுத்துக்கொள்வது. அதற்குரிய மாணவருக்குச் சில மாதங்களில் பெங்களூரில் வேலை கிடைத்தது. மகிழ்ந்து வழியனுப்பினோம். கணினியும் அவரோடு போயிற்று.

கோஹா ஆண்டுக்கு இருமுறை, மே மாதத்திலும் நவம்பரிலும், புதிய பதிப்பு காண்கிறது. திரைகள் மாறுகின்றன, கையேடும் மாற வேண்டும். நூல் வழங்கல் பகுதியில் ஒரே ஒரு பத்தியைத் திருத்த வேண்டியிருந்தது. திருத்துவதற்கு ஐந்து நிமிடம். திருத்திய நூலைத் தொகுக்க மூன்று வாரம். அவர் இரவில் தொலைபேசியில் அழைப்பார். “அது என்ன பொதி என்று நினைவில்லை ஐயா, எப்போதோ போட்டது. ஞாயிற்றுக்கிழமை பார்த்துச் சொல்லட்டுமா?” என்பார். அவர்மேல் குற்றம் சொல்ல இடமில்லை. இரண்டாண்டுக் காலம் ஒவ்வொன்றாகச் சேர்த்தவற்றை யார்தான் நினைவில் வைத்திருக்க முடியும்? ஆசிரியர் வாய்வழியே மட்டும் வாழ்ந்த ஓர் உரை, ஆசிரியர் ஊரைவிட்டுப் போனதும் போய்விட்டது. அந்த மூன்று வாரமும் நூலக உதவியாளர் பழைய தாளைப் பார்த்தே வேலை செய்துகொண்டிருந்தார்.

தமிழ் இணையத்துக்கு இது பழைய நோய். மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, உலகின் பல மூலைகளிலிருந்தும் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து அனுப்பினார்கள். ஒருங்குறி பரவுவதற்கு முந்திய அந்நாளில் டிஸ்கி என்ற குறியேற்றத்தில் நூல்கள் ஏறின. நூல் இருக்கும், அதற்குரிய எழுத்துரு நம் கணினியில் இல்லாவிட்டால் திரையில் தெரிவது புரியாத இலத்தீன் குறிகளின் குவியல். ஒவ்வொரு நாளிதழின் தளத்துக்கும் ஓர் எழுத்துருவை இறக்கிய காலத்தை இவ்விடத்தின் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மதுரைத் திட்டத்தினர் பின்னர் பொறுமையாக நூல்களை ஒருங்குறிக்கு மாற்றினார்கள். தமிழக அரசும் 2010இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. அப்படி மாற்றுவதற்கு ஆள் இல்லாமற்போன தனியார் பக்கங்கள் எத்தனையோ. எழுத்து அழியவில்லை, படிக்கும் வழி அழிந்தது.

ஒருங்குறி, எழுத்து என்ற மட்டத்தில் இந்த நோயைத் தீர்த்தது. அதற்கு மேலுள்ள மட்டங்களில், அதாவது எழுத்துரு, ஒடிப்பு விதி, அச்சுப்பொறி, அவற்றின் பதிப்பு ஆகியவற்றில், நோய் அப்படியே இருக்கிறது. நூலோடு நூலைச் சமைக்கும் அடுப்பையும் பாத்திரத்தையும் சேர்த்துக் கொடுத்தாலன்றி அடுத்த ஊரில் அதே சுவை வராது.

*

அந்த அடுப்பையும் பாத்திரத்தையும் சேர்த்துக் கட்டித் தருவதற்குத்தான் கண்டெய்னர் என்கிறார்கள். தமிழில் கொள்கலன் என்ற சொல் புழங்கத் தொடங்கியிருக்கிறது. நல்ல சொல். கலம் என்பது பானைக்கும் பெயர், கப்பலுக்கும் பெயர். மாமல்லபுரக் கடற்கரைக்கு ஒரு மணி நேரத் தொலைவில் இருப்பவர்களுக்கு இரண்டு பொருளும் அந்நியமல்ல.

சொல் துறைமுகத்திலிருந்து வந்தது. 1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மக்லீன் என்ற அமெரிக்கர் ஐடியல் எக்ஸ் என்ற கப்பலில் ஒரே அளவுள்ள 58 உலோகப் பெட்டிகளை ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹியூஸ்டனுக்கு அனுப்பினார். அதுவரை மூட்டை மூட்டையாக ஏற்றியும் இறக்கியும் வந்த சரக்கு, அதன்பின் பெட்டியைத் திறக்காமலே லாரியிலிருந்து கப்பலுக்கும் கப்பலிலிருந்து ரயிலுக்கும் மாறியது. எங்கள் ஊர் வழியே செல்லும் சென்னை – திருச்சி நெடுஞ்சாலையில் இரவெல்லாம் ஓடுபவை அந்தப் பெட்டிகளே. உள்ளே என்ன இருக்கிறது என்று லாரிக்காரருக்குத் தெரிய வேண்டியதில்லை.

2013 மார்ச்சில் பைத்தான் மாநாடு ஒன்றில் சாலமன் ஹைக்ஸ் சில நிமிடங்களே பேசி டாக்கர் என்ற கருவியை அறிமுகப்படுத்தினார். டாக்கர் என்றால் துறைமுகத் தொழிலாளி. ஒரு மென்பொருளையும் அதற்கு வேண்டிய எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் வைத்து எந்தக் கணினியிலும் இறக்கலாம் என்பதே அவர் சொன்னது. உள்ளே இயங்கும் நுட்பம் அவர் கண்டுபிடித்ததன்று; லினக்ஸின் கருவில் முன்பே இருந்தவற்றை எளிதாகக் கையாளும்படி செய்தார். கொள்கலனுக்குள் இயங்கும் நிரல், தான் ஒரு தனிக் கணினியில் இருப்பதாகவே நம்பும். தன் கோப்புகளை மட்டும் காணும். வெளியே என்ன எழுத்துரு இருக்கிறது, என்ன பதிப்பு இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. கணினிக்குள் இன்னொரு முழுக்கணினியை உருவாக்குவதைவிட இது இலேசானது, வெளிக்கணினியின் கருவையே பகிர்ந்துகொள்வதால்.

டாக்கரைப் பற்றிப் படித்தபோது எங்களுக்குச் சட்டென்று விளங்கிய பகுதி ஒன்று உண்டு. கொள்கலனைக் கட்டுவதற்கு டாக்கர்ஃபைல் என்ற சிறிய உரைக்கோப்பை எழுத வேண்டும். அதன் முதல் கட்டளை ‘ஃப்ரம்’. எதிலிருந்து என்று பொருள். வேறொருவர் கட்டிவைத்த அச்சு ஒன்றை அடிப்படையாகக் கொண்டு, அதன்மேல் நமக்கு வேண்டியவற்றை அடுக்கடுக்காகச் சேர்க்கிறோம். நன்னூல் சொல்லும் முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்ற பாகுபாட்டை மாணவர்களுக்கு ஆண்டுதோறும் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு இது வேறு விளக்கம் வேண்டாத செய்தி. பைத்தான் அமைந்த டெபியன் அச்சு முதல்நூல்; எங்களுடையது வழிநூல்; எங்களுடையதை எடுத்துச் சிலவற்றை மாற்றி நாளை மதுராந்தகத்தில் ஒருவர் கட்டினால் அது சார்புநூல்.

பாயிரத்தையும் நினைத்துக்கொண்டோம். ஒரு நூலுக்குச் சிறப்புப்பாயிரம் எழுதுபவர் ஆக்கியவன் பெயர், நூல் வந்த வழி, வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, பொருள், கேட்போர், பயன் என்ற எட்டையும் சொல்ல வேண்டும் என்பது இலக்கணம். இவற்றுள் வழியும் எல்லையும் யாப்பும் எங்கள் டாக்கர்ஃபைலில் வரிகளாகவே இருந்தன. மீதியை அதன் தலையில் தமிழிலேயே குறிப்பாக எழுதிச் சேர்த்தோம். கணினி அவ்வரிகளைப் படிக்காமல் தாண்டிவிடும். அடுத்து வருபவர் படிப்பார்.

*

இனிச் செய்முறை. சுருக்கமாகவே சொல்கிறோம்.

முதல் அடுக்கு, பைத்தானின் சிறிய அச்சு. இங்கே ஒரு நுட்பம் உண்டு. அச்சின் பெயரோடு ‘லேட்டஸ்ட்’ என்று சேர்த்தால் அன்றைக்குப் புதியது எதுவோ அது வரும். இன்று ஒன்று வரும், ஆறு மாதம் கழித்து வேறொன்று வரும். பாடபேதத்துக்கு வாசலைத் திறந்துவைத்தது போல. ஆகவே பதிப்பு எண்ணைத் தெளிவாக எழுதினோம். அதற்கும் மேலே, ஒவ்வோர் அச்சுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்பட்ட, 64 குறிகள் கொண்ட கைரேகை ஒன்று இருக்கிறது. உள்ளே ஓரெழுத்து மாறினாலும் கைரேகை முற்றிலும் மாறிவிடும். அதையும் குறித்துக்கொண்டோம். அந்தாதியில் ஒரு பாட்டு விழுந்துவிட்டால் அடுத்த பாட்டின் முதற்சொல் காட்டிக்கொடுத்துவிடும் அல்லவா? நம் முன்னோர் யாப்புக்குள்ளேயே வைத்த காவலை இவர்கள் கணக்குக்குள் வைத்திருக்கிறார்கள்.

இரண்டாம் அடுக்கு, அச்சுக்கோப்பு. சீடெக், தமிழ் ஒடிப்பு விதிகள் அடங்கிய தொகுதி, இவற்றை வரிசையாக இயக்கும் லாடெக்எம்கே. டெக் குடும்பத்தை முழுதாக எடுத்தால் சில ஜிகாபைட்டுகள் ஆகும். ஸ்ஃபிங்க்ஸ் குழுவினரே பிடிஎஃப் வசதியோடு ஆயத்த அச்சு ஒன்றை வெளியிட்டிருக்கிறார்கள். வேகமான இணைப்பு உள்ளவர்களுக்கு அது வசதி. எங்களுக்கு அளவு முக்கியமாக இருந்ததால் வேண்டியதை மட்டும் பொறுக்கினோம். மூன்றாம் அடுக்கு, நோட்டோ, லோகித் ஆகிய எழுத்துருக்கள். நான்காம் அடுக்கு, ஸ்ஃபிங்க்ஸும் அதன் துணைப்பொதிகளும், ஒவ்வொன்றும் தன் பதிப்பு எண்ணோடு. கையேட்டின் மூலத்தை மட்டும் கொள்கலனுக்குள் வைக்கவில்லை. அது வெளியே, அவரவர் கணினியில் இருக்கும். தொகுக்கும்போது மட்டும் ஒரு சாளரம் வழியாக உள்ளே தெரியும். விளைந்த நூல் அதே சாளரம் வழியாக வெளியே வரும்.

அந்தச் சாளரத்தில் ஒரு சிக்கல் காத்திருந்தது. கொள்கலனுக்குள் இயங்கும் நிரல் வழக்கமாக முதன்மைப் பயனராக இயங்குகிறது. ஆகவே அது எழுதிய நூலுக்கும் முதன்மைப் பயனரே உரிமையாளர். லினக்ஸ் கணினியில் தொகுத்த மாணவி, தான் தொகுத்த நூலைத் தானே அழிக்க முடியாமல் திகைத்தார். தொகுப்பவரின் அடையாள எண்ணையே உள்ளேயும் பயன்படுத்துமாறு கட்டளையில் ஒரு சொல்லைச் சேர்த்ததும் அது தீர்ந்தது.

மொத்தம் நாற்பது வரிக்குள் அடங்கிய கோப்பு. மாணவரின் நினைவில் சிதறிக் கிடந்த இரண்டாண்டு அனுபவத்தை அந்த வரிகளுக்கு மாற்றச் சில வாரங்கள் ஆயின. அவரே பெங்களூரிலிருந்து ஒவ்வொரு வரியையும் பார்த்துச் சரிசொன்னார்.

கொள்கலனைத் தர இணைய வசதி மட்டும் போதவில்லை. கைப்பேசி இணைப்பில் ஒரு ஜிகாபைட்டை இறக்கப் பாதியில் அறுந்தால் மனமும் அறுந்துவிடும். கட்டிமுடித்த அச்சை ஒரே கோப்பாக ஆக்கிப் பென்டிரைவில் வைக்கும் வசதி டாக்கரில் உண்டு. அப்படித்தான் அது மேல்மருவத்தூரைத் தாண்டி மதுராந்தகத்துக்கும், அங்கிருந்து செங்கல்பட்டுக்கும் பேருந்தில் போயிற்று. நினைவகம் குறைந்த பழைய விண்டோஸ் கணினிகளில் டாக்கர் திணறும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அத்தகைய கணினி ஒன்றில் லினக்ஸ் நிறுவிய பிறகே வேலை நடந்தது.

செங்கல்பட்டில் தொகுத்த நூலும் அச்சரப்பாக்கத்தில் தொகுத்த நூலும் பக்கத்துக்குப் பக்கம், வரிக்கு வரி ஒத்திருந்தன. சொல் ஒடிந்த இடங்கள்கூட ஒன்றே.

*

இந்த ஊர்ப் பெயரைப் பற்றி ஒரு சொல். பழைய பெயர் அச்சிறுபாக்கம். சம்பந்தர் பாடிய தலம். முப்புரம் எரிக்கப் புறப்பட்ட சிவபெருமானுக்குத் தேவர்கள் தேர் அமைத்தார்கள். நிலமே தேர்த்தட்டு, கதிரும் மதியும் சக்கரங்கள், வேதங்கள் குதிரைகள், பிரமனே பாகன். அத்தனை பெருமையுள்ள தேரின் அச்சு, விநாயகரை முதலில் வணங்காமையால், இங்கே இற்றது என்பது தலபுராணம். திருப்புகழின் விநாயகர் வணக்கத்திலும் அருணகிரிநாதர் இதை நினைவுகூர்கிறார்.

பெருமையுள்ள உறுப்புகள் எல்லாம் இருந்தும் தேர் நின்றது, கண்ணில் படாத ஓர் உறுப்பால். மொழிபெயர்ப்பு என்றால் சொல்வளம் பற்றிப் பேசுகிறோம். கலைச்சொல் பற்றி மணிக்கணக்காக வாதிடுகிறோம். ‘பேட்ரன்’ என்பதற்கு உறுப்பினரா வாசகரா என்று நாங்களும் இரண்டு மாலைகளைச் செலவிட்டோம். அச்சு இற்றால் அவையெல்லாம் தெருவில் நிற்கும். கட்டற்ற மென்பொருளைத் தமிழாக்க எழுந்த முயற்சிகள் பல இப்படித்தான் நின்றன என்று எங்களுக்குத் தோன்றுகிறது. தமிழ் தெரிந்தவர் இருந்தார், ஆர்வம் இருந்தது. தொகுக்கத் தெரிந்த ஒருவர் வேலை மாறிப் போனார்.

அச்சு என்ற சொல்லுக்குத் தமிழில் தேரின் அச்சு, வார்ப்பின் அச்சு, அச்சடிக்கும் அச்சு என்று பல பொருள்கள். டாக்கர்க்காரர்கள் ‘இமேஜ்’ என்று சொல்வதைப் பலரும் படிமம் என்று மொழிபெயர்க்கிறார்கள். நாங்கள் இக்கட்டுரை முழுதும் அச்சு என்றே எழுதியிருக்கிறோம். ஒரே அச்சிலிருந்து எத்தனை கொள்கலன்களை வேண்டுமானாலும் வார்த்தெடுக்கலாம் என்பதால் அது பொருந்துகிறது. இந்த ஊரில் இருந்துகொண்டு வேறு சொல்லைத் தேடவும் மனம் வரவில்லை.

*

கொள்கலன் எதையெல்லாம் செய்யாது என்பதையும் சொல்லாவிட்டால் இது விளம்பரமாகிவிடும்.

அது ஒற்றுமையைத் தரும், திருத்தத்தைத் தராது. எடுத்துக்காட்டாக, வலைப்பக்க வடிவில் வரும் தேடல் வசதி. பைத்தானில் ஒரு வாக்கியத்தைச் சொற்களாகப் பிரிக்க வழக்கமாகப் பயன்படும் குறி, தமிழின் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக ஏற்பதில்லை. ‘கணினி’ என்பதை அது ‘கண’ என்றும் ‘ன’ என்றும் வெட்டிப் போடுகிறது. மெய்யின் மேல் ஏறிய உயிரை, மெய்யைச் சேராத நிறுத்தக்குறிபோல் நடத்துகிறது. நூலக உதவியாளர் ‘புதுப்பித்தல்’ என்று தேடினால் வேண்டிய பக்கத்தோடு வேண்டாத பலவும் வந்து விழும். கொள்கலன் இந்தப் பிழையை அச்சரப்பாக்கத்திலும் செங்கல்பட்டிலும் ஒரே மாதிரி நேர்மையாகத் தருகிறது.

அதேபோல, ‘கொ’ என்பதை ஒருவர் ஒற்றைக் குறியாகத் தட்டலாம். இன்னொருவர் கொம்பையும் காலையும் தனித்தனியாகத் தட்டலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. ஒப்பிடும் நிரலுக்கு இரண்டும் வேறு. ‘கௌ’ என்பதில் வர வேண்டிய குறிக்குப் பதிலாக ளகரத்தையே இட்டுவிடும் பழக்கமும் நம்மிடையே பரவலாக உண்டு. இவற்றைத் தொகுப்பதற்கு முன் ஒருபடித்தாக்கும் சிறு நிரலை எங்கள் மாணவி எழுதியிருக்கிறார். அது தமிழறிந்தவர் செய்ய வேண்டிய வேலை. எந்தப் பெட்டியும் அதைச் செய்து தராது.

ஆனாலும், பிழை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருப்பதில் ஒரு நன்மை உண்டு என்பதை ஏடு ஒப்பிட்டவர்கள் அறிவார்கள். இடத்துக்கிடம் மாறும் பிழையைத் துரத்த முடியாது. ஒன்றேபோல் நிற்கும் பிழையின் ஊற்றைக் கண்டுவிடலாம். முன்பு ஒரு குறை தென்பட்டால் யார் கணினியில், எந்தப் பதிப்பில் என்ற விசாரணையிலேயே பொழுது போகும். இப்போது ஒருவர் கண்ட குறை நால்வருக்கும் தெரிகிறது. ஒருவர் திருத்தினால் நால்வருக்கும் திருந்துகிறது.

கொள்கலனும் நித்தியமன்று. டாக்கர் என்ற கருவியே ஒரு நாள் வழக்கொழியலாம். அதற்காகத்தான் 2015இலேயே பல நிறுவனங்கள் கூடி அச்சுக்கும் அதை இயக்கும் முறைக்கும் பொதுத்தரம் வகுக்கத் தொடங்கின. பாட்மன் போன்ற வேறு கருவிகளும் இன்று அதே கோப்பைப் படிக்கின்றன. எல்லாம் போனாலும், எந்தெந்தப் பொருள், எந்தப் பதிப்பு, எந்த வரிசை என்று மனிதர் படிக்கக்கூடிய நாற்பது வரி எஞ்சும். ஓலை செல்லரிக்குமுன் புதிய ஓலையில் பெயர்த்தெழுதியவர்களால்தான் சங்கப்பாடல்கள் நமக்கு வந்தன. பெயர்த்தெழுதுபவருக்கு வேண்டிய குறிப்பை விட்டுச் செல்வதே நம்மால் ஆகக்கூடியது.

கோஹாவின் அடுத்த பதிப்பு வந்தபோது திருத்தம் செய்தது நாங்கள் நால்வரும் அல்லர். செங்கல்பட்டில், முன்பின் நிரல் எழுதியறியாத ஒரு நூலக உதவியாளர், தாமதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் முறை கையேட்டில் தெளிவாக இல்லை என்று கண்டு, தாமே இரண்டு வாக்கியங்களை மாற்றினார். நாங்கள் எழுதிக் கொடுத்திருந்த ஒற்றைக் கட்டளையைத் தட்டி, நூலைத் தொகுத்து, அச்செடுத்து மேசைமேல் வைத்துவிட்டார். எங்களுக்குச் செய்தி வந்தது மறுநாள்தான். அவர் எழுதிய வாக்கியங்கள் எங்களுடையவற்றைவிடத் தெளிவாக இருந்தன. மூலத்தில் அவற்றையே சேர்த்துக்கொண்டோம்.